ஓரத்திலிருந்து வருவது

சொட்டு மருந்து விழுந்ததும் கண்ணுக்குள் யாரோ தீக்குச்சி உரசியதுபோல எரிந்தது. தீப்பெட்டி ஊரான கோவில்பட்டிக்காரிக்கு எரிச்சல் என்றால் வேறு என்ன நினைவு வரும். "மூடிக்கிட்டே இருங்கம்மா, கண்மணி நல்லா விரியணும், நான் வந்து கூப்பிடுற வரைக்கும் திறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் அடுத்தவரின் தலையைப் பின்னால் சாய்க்கப் போய்விட்டாள். குரலை வைத்துப் பார்த்தால் தன் மகள் பூரணி வயதுதான் இருக்கும் என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. சொன்னபடி மூடிக்கொண்டுதான் இருந்தாள். மூடியதும் அந்த மெஷின் கண்ணுக்குள் திரும்ப வந்துவிட்டது. காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதலில் அதன் முன்னால்தான் உட்கார வைத்தார்கள். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு குழிவு, அதற்குள் முகத்தைக் கொடுக்க வேண்டும், நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி, அதையே பார்க்க வேண்டும், சுற்றிலும் அங்கங்கே வெளிச்சம் மினுங்கும், மினுங்கினால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். "கேம் விளையாடுற மாதிரிதான் டீச்சர், பயப்படாதீங்க," என்றார் மெஷின்காரர். கேமா, அதை எனக்கா சொல்கிறீர்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் பட்டனைப் பிடித்தாள். ஒன்று மினுங்கியது, அமுக்கினாள். இன்னொன்று, அமுக்கினாள். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. வரும் வரும் என்று கட்டைவிரல் துடித்துக்கொண்டே இருந்தது, வரவில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்து, "மெஷின் நின்னுபோச்சா சார்?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஓடிக்கிட்டுதான் இருக்கு," என்றார் அவர். கேம் மாதிரிதான் என்று சொன்னபோது இருந்த குரல் அது இல்லை. ஒரு மென்மை வந்திருந்தது. இழவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆட்களுக்கு வருமே, அந்த மென்மை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கண்ணைத் திறந்துவிட்டாள். திறந்தால் இந்த உலகம் இருக்கிறது, வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி ஆட்கள், பாட்டு கேட்கிறவர்கள் மாதிரி. பக்கத்தில் அம்மா தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரியும், ஆனால் தலையைத் திருப்பினால்தான் அம்மா வருவாள். தலையைத் திருப்பாவிட்டால் அம்மா இல்லை. இது எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம்தான் ஸ்கூல் வராந்தாவில் வாளியோடு வந்த பிள்ளைமீது நேராகப் போய் மோதினாள், பிள்ளைகள் சிரித்தார்கள், கணக்கு டீச்சருக்குக் கண்ணு தலைக்கு மேல என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தால்தான் ஆச்சு என்றார்கள். வீட்டுக்காரர் பால்வண்ணனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை, அம்மா "நான் வாறேன்ட்டி" என்று முந்தின நாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கைப்பையைத் துழாவி அந்தக் கையடக்க வீடியோ கேமை எடுத்தாள். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும், நடுவில் திரை, இடப்பக்கம் கூட்டல்குறி போல ஒரு பட்டன், வலப்பக்கம் நாலு. ஃபோனுக்கு உறை வாங்கப் போன கடையில், கண்ணாடிக்குள் சார்ஜர்களுக்கு நடுவே இருந்தது. பழைய டிவி கேம் எல்லாம் இதுக்குள்ள இருக்கு டீச்சர், தாண்டுறது, சண்டை போடுறது எல்லாம் என்றான் கடைக்காரன், பையனுக்கா என்று கேட்டான், ஆமா என்று சொல்லிவிட்டாள். அவளுக்குப் பையன் கிடையாது. அந்தப் பொய் ஏன் வந்தது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தாள். யாருக்கோ வாங்கியதுதான், அது யார் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல் வாங்கியது.

ஆன் செய்தால் பேர்ப்பட்டியல் ஓடுகிறது, கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது, பாதிக்கு மேல் ஒரே கேம்தான் வேறு வேறு பேரில். அப்போதும் அப்படித்தான். சித்தப்பா மெட்ராஸ் பர்மா பஜாரிலிருந்து டிவி கேம் வாங்கி வந்தபோது கேசட் அட்டையில் ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஏமாத்திட்டான், எல்லாம் அதே ஏழெட்டுதான், சட்டையை மட்டும் மாத்திவிட்டிருக்கான்," என்றான். கேசட்டின் அடிப்பக்கத்தை வாயருகே வைத்து ஊதிவிட்டுச் செருகுவான், வாங்கியில் எச்சில் பட்டுக் கெட்டுப்போகும் என்று இவள் கத்துவாள், வாங்கி என்றா சொன்னோம், ஆமாம், கேசட் போகிற அந்த ஓட்டைக்கு அவன்தான் வாங்கி என்று பேர் வைத்தான், ஆறு மாசத்துக்கு வீட்டில் எல்லாரும் அப்படியே சொன்னோம், அப்பாகூட. கோமதிநாயகம். நாயகம் என்று கூப்பிடுவார்கள். பேரை மனசுக்குள் சொல்வதற்கே ஒரு முறை பக்கத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள், அம்மா கேட்டுவிடுவாளோ என்று. அம்மா அந்தப் பேரைச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் நாயகம் என்று ஒரு கொத்தனார் வேலைக்கு வந்தபோது, வேலை முடிகிறவரை அம்மா அவரை மேஸ்திரி என்றே கூப்பிட்டாள்.

திரையில் தபால்காரர் வந்துவிட்டார். தோளில் பையோடு குடுகுடுவென்று ஓடுகிற குட்டி ஆள். நிஜமான பேர் என்னவோ, இவர்களுக்குத் தபால்காரர்தான். ஓட வேண்டும், பள்ளத்தைத் தாண்ட வேண்டும், பலகையிலிருந்து பலகைக்குத் தாவ வேண்டும், எதிரே வரும் நாய்களை எட்டி மிதிக்க வேண்டும், மேலே மூலையிலிருந்து காக்கை வரும், காக்கை பட்டால் விழுந்துவிடுவார். விரல் தானாகவே ஓடியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முதல் பள்ளம் எங்கே இருக்கிறது என்று கட்டைவிரலுக்குத் தெரிகிறது, ஸ்கூலில் போன வருஷம் எடுத்த பிள்ளைகளின் பேர் தெரியவில்லை, இது தெரிகிறது. அண்ணன் தபால்காரரை ஓட்டினால் எப்போதும் காக்கையிடம்தான் மாட்டுவான். எப்போதும். "மேல பாருண்ணே, காக்கா!" என்று இவள் கத்துவாள். "எங்கட்டி?" என்பான். எங்கே என்று கேட்கும்போதே தபால்காரர் கவிழ்ந்திருப்பார். கண் முன்னால இருக்கு, எங்கேன்னு கேக்கான் என்று இவளுக்குச் சிரிப்பாக வரும், அவனும் சேர்ந்து சிரிப்பான். வயரை இழுத்துக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவான். நடையில் குறுக்கே வயர் தொங்கும், அம்மா தடுக்கிக்கொள்வாள், கிட்ட உக்காந்தா என்னலே என்று திட்டுவாள். "தூரத்துல இருந்தாத்தாம்மா முழு டிவியும் தெரியுது," என்பான். முழு டிவியும் தெரியுது. இந்தச் சொல்லை இவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள், கேட்டு எங்கே போட்டாள். இப்போது உள்ளங்கையில் இருக்கும் இந்தத் திரை முழுக்கத் தெரிகிறது, நாலு மூலையும் தெரிகிறது, காக்கை வருவது தெரிகிறது. வீட்டில் பெரிய டிவி முன்னால் உட்கார்ந்தால் மூலையில் ஓடும் எழுத்தைக் காணோம், தலையை ஆட்டி ஆட்டித் தேட வேண்டியிருக்கிறது. வாங்கி வந்த அன்றைக்கே இது உறைத்தது. அன்றைக்கு அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். பெரிய பாத்திரத்தைச் சின்ன துவாரத்தின் வழியாக முழுசாகப் பார்க்க வேண்டுமானால் தள்ளித்தானே நின்று பார்க்க வேண்டும். தூரத்துல இருந்தாத்தாம்மா. அப்புறம் அந்த நினைப்பைத் தொடவில்லை. தொட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துவிட்டது.

"கண்ண மூடிக்கிட்டு இருன்னு அந்தப் புள்ள சொல்லிட்டுப் போச்சில்லா? என்னத்தட்டி நோண்டிக்கிட்டு இருக்க?" என்றாள் அம்மா. "சும்மாதாம்மா." "சும்மாவா. இந்த வயசுல பொம்மை சாமான வச்சுக்கிட்டு," என்று அம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தலையைத் திருப்பி அம்மாவைக் கொண்டுவந்தாள் செண்பகவல்லி. அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்துவிட்டதா. தெரியாமல் எப்படி இருக்கும், ராத்திரிச் சோற்றுக்கு உட்காருங்கள் என்று எத்தனை தடவை இந்தத் தபால்காரர் முன்னால் வந்து நின்றிருப்பாள். "தண்ணி குடிக்கியா?" என்று கேட்டாள் அம்மா. "வேண்டாம்மா." அம்மா முந்தானையால் பாட்டில் மூடியைத் துடைக்க ஆரம்பித்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். அம்மா எப்போதும் இப்படித்தான், ஒரு பேச்சு வாசல் வரைக்கும் வந்துவிட்டால் எதையாவது துடைப்பாள்.

சண்டை கேமுக்கு மாற்றினாள். இரண்டே பேர், இரண்டு பக்கமும் நிற்பார்கள், மணி அடித்ததும் நடுவுக்கு வந்து அடித்துக்கொள்வார்கள். அண்ணன் எப்போதும் தொந்தி போட்ட மல்யுத்தக்காரனைத்தான் எடுப்பான், இவள் சடைக்காரியை. இதில் அவனை ஜெயிக்கவே முடியாது. தாண்டுகிற கேமில் தத்தி, இதில் ராஜா. இரண்டு பேரும் திரையின் நடுவில் ஒட்டி நிற்கிறார்கள், நடுவில், மஞ்சள் புள்ளி இருக்கிற இடத்தில், ஓரத்திலிருந்து எதுவும் வராது, யாரும் வரமாட்டார்கள், அங்கே அவனுக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு குத்து விடுவதற்கு முன்னால் தொந்திக்காரனை இரண்டு தடவை உட்கார்ந்து எழுப்புவான், அதற்கு ஆட்டத்தில் ஒரு அர்த்தமும் கிடையாது, வணக்கம் வைக்கான்ட்டி என்பான், வணக்கம் வைத்துவிட்டு ஒரே குத்து. இப்போது கேம் மெஷினையே தொந்திக்காரனாக எடுக்கச் சொல்லிவிட்டு இவள் சடைக்காரியை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் ஸ்கூல் விட்டு வந்து இதைத்தான் செய்கிறாள், டீ ஆறிப்போகிறது, நோட்டுகள் திருத்தாமல் கிடக்கின்றன. மெஷின் நன்றாகத்தான் அடிக்கிறது. வேகமாக அடிக்கிறது, தப்பில்லாமல் அடிக்கிறது, வணக்கம் வைக்கமாட்டேன் என்கிறது. சில சமயம் சடைக்காரியை அசையாமல் நிறுத்திவிட்டு அடி வாங்கவிடுவாள், ஒரு தடவை, தற்செயலாகவாவது ஒரு தடவை, அந்தத் தொந்தி உட்கார்ந்து எழாதா என்று. மெஷினுக்குத் தற்செயல் கிடையாது. அடித்து முடித்துவிட்டு, ஜெயித்தவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், திரையில் இரண்டாவது ஆள் வரலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மினுங்கிக்கொண்டே இருக்கிறது, அதை அணைக்க வழியில்லை. இந்தச் சோப்புப் பெட்டியில் இரண்டாவது ஆள் எங்கே உட்காருவான், எதைப் பிடிப்பான்.

அண்ணன் கடைசியாக வெளியே போன அன்றைக்கும் கேம் போட்டிருந்தோமா. போட்டிருந்தோம். இல்லை, ரிசல்ட் வந்த நாள், அப்பா மில்லிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார், டிவி ஓடியிருக்காது. பாலிடெக்னிக்கில் அவனுக்கு டிராயிங் பேப்பர் போய்விட்டது, திரும்பவும். பெரிய தாளில் வரைந்து வரைந்து ஓரத்தில் ஒரு கோட்டை விட்டுவிட்டு வருவான், வாத்தியார் சுழித்துக் காட்டினால்தான் அட என்பான். அப்பா கத்தினார். கண்ண எங்கலே வச்சுக்கிட்டு வரையுத என்று கத்தினார், கேமுக்கு மட்டும் கண்ணு விரியுது என்று கத்தினார், கடைசியாக எங்கயாவது ஒழிஞ்சு போ என்றார். அந்த வீட்டில் ஒழிஞ்சு போ என்பது தினசரி விழுகிற சொல்தான், பூனைக்கும் அதுதான், கெட்டுப்போன ஃபேனுக்கும் அதுதான். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வாசலில் இவளைப் பார்த்து, இப்ப வந்துருதேன்ட்டி என்றான். என்றானா. அன்றைக்குத்தான் சொன்னானா, வேறு எத்தனையோ நாள் சொன்னது அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டதா. அப்போதெல்லாம் சத்தியமாகச் சொன்னான் என்று எல்லாரிடமும் சொன்னாள், பதினைந்து வயசுப் பிள்ளை சொல்வதை யார் எடுப்பார்கள். சொல்லிச் சொல்லி, சொன்னது தேய்ந்து, இப்போது அந்த வாசலில் அவன் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் மட்டும் தன் குரலில் கேட்கிறது. சாயங்காலம்தான். வெளிச்சம் முழுசாகப் போகவில்லை, விளக்குப் போடலாமா வேண்டாமா என்கிற நேரம். பைபாஸில் குறுக்கே வந்திருக்கிறான், வலப்பக்கமிருந்து லாரி. டீக்கடைக்காரர் போலீஸிடம் சொன்னதை அப்புறம் ஊரே சொன்னது. லாரி வாறது மலை மாதிரி தெரியுது, தம்பி திரும்பிக்கூடப் பாக்கல, நேரா வண்டிக்குள்ள விடுதான். திரும்பிக்கூடப் பாக்கல. அந்த இரண்டு சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ரிசல்ட்டு, அப்பன் திட்டு, திரும்பிக்கூடப் பாக்கல, கூட்டிப் பார்க்கக் கணக்கு டீச்சர் வேண்டுமா என்ன. வேணும்னுதான் விட்டிருக்கான் என்று பெரியப்பா மெதுவாகச் சொன்னார், சித்தி சத்தமாகச் சொன்னாள். அப்பா டிவி கேமைச் சாக்கில் கட்டி எங்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எதன்மீதும், பூனைமீதுகூட, அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சாகிறவரை சாயங்காலமானால் வீட்டு விளக்கெல்லாம் போட்டுவிட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அம்மா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவர் நினைத்திருப்பாரோ.

அண்ணன்மீது கோபம்தான் முதலில் வந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் உனக்கு அவ்வளவுதானா. கல்யாணத்தில் மாலை மாற்றும்போது அந்தக் கோபம் வந்தது, பூரணி பிறந்து காது குத்துக்குத் தாய்மாமன் மடி எங்கே என்று கேட்டபோது வந்தது, சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள், பிள்ளையைவிட இவள்தான் அதிகம் அழுதாள். அப்புறம் கோபம் வடிந்து வேறொன்று ஆனது, அதற்குப் பேர் இல்லை, பசி மாதிரி ஒரு நேரம் பார்த்து வரும், சாயங்காலம் நாலரை ஐந்துக்கு வரும். இப்போது அதற்குள் இன்னொன்று புகுந்துவிட்டது. உள்ளே ஒரு ஆசை இருந்தது. அதை நேராகப் பார்க்க அவளுக்குக் கூசியது. டாக்டர் ஒன்றுமில்லை, கண்ணாடி மாற்றினால் போதும் என்று சொல்லிவிட்டால் தன் கண் பிழைத்தது, ஸ்கூல் பிழைத்தது, பூரணி பிழைத்தாள். ஆனால் அண்ணன் லாரியைப் பார்த்துக்கொண்டேதான் போனான் என்று ஆகிவிடும். பெரிதாக ஏதோ இருக்கிறது, பரம்பரையாக வருவது என்று சொல்லிவிட்டால் இந்தத் துவாரமும் ஒருநாள் மூடிக்கொள்ளும், பூரணிக்கு என்ன ஆகுமோ தெரியாது. ஆனால் அண்ணன் பார்க்கவில்லை. எதை வேண்டுவது. காலையில் கிளம்பும்போது சாமி படத்தின் முன்னால் நின்றவள் கையைக் கூப்பிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டாள். பெற்ற பிள்ளைக்கு மேலாகச் செத்துப்போன அண்ணனா, சீ என்று தன்னையே திட்டினாள், திட்டிக்கொண்டே ஆசைப்பட்டாள். தொந்திக்காரன் மங்கிக்கொண்டு வந்தான். முதலில் தொந்தி கரைந்தது, அப்புறம் சடைக்காரியின் சடை, மருந்து வேலை செய்கிறது, கிட்டத்தில் எதுவும் பிடிபடவில்லை, இரண்டு நிறங்கள் நடுவில் மோதி மோதி விலகின. திரையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். அப்போதும் நிறங்கள்தான். எது யார் என்று தெரியாமலே விரல் அடித்துக்கொண்டிருந்தது, ஜெயித்தாளா தோற்றாளா தெரியாது. "செண்பகவல்லி யாரும்மா? உள்ள வாங்க," என்று நர்ஸ் பெண்ணின் குரல் வந்தது. அம்மா கையைப் பிடித்துத் தூக்கினாள்.

டாக்டர் ஒரு இளம்பெண்தான், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. அறையை இருட்டாக்கி, ஒரு வெளிச்சத்தை நெற்றியில் கட்டிக்கொண்டு, வெகு நேரம் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள். மேல பாருங்க, கீழ பாருங்க, என் காதைப் பாருங்க. இருட்டு என்றால் செண்பகவல்லிக்கு முழு இருட்டு, அந்த ஒரு வெளிச்சத்தைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை. விளக்கைப் போட்டதும் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ராத்திரியில நடக்க எப்பவுமே கஷ்டமா டீச்சர்? சின்ன வயசுலேர்ந்தே?" "சினிமா கொட்டகையில யாராவது கையைப் பிடிச்சுக்கிடணும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்." "உங்க அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" இதற்கு அம்மா பதில் சொன்னாள். "எங்க தாய்மாமாவத்தாம்மா நான் கட்டுனது." டாக்டர் தலையாட்டினாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். விழித்திரையில் வருகிற ஒரு நோய், பிறவியிலேயே உடம்பில் இருப்பது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும், உங்களுக்கு மெதுவாகத்தான் வந்திருக்கிறது, நடுப்பார்வை இன்னும் நன்றாக இருக்கிறது, வண்டி மட்டும் ஓட்டக் கூடாது, முழுசாகக் குணமாக்க இப்போதைக்கு மருந்து இல்லை, ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. "என் மகளுக்கு?" என்றாள் செண்பகவல்லி. "உங்க வீட்டுக்காரர் சொந்தமா?" "இல்ல, அசல்." "அப்ப பெரும்பாலும் வராது. கூட்டிட்டு வாங்க, பார்த்துருவோம்." பெரும்பாலும் வராது என்பதைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அடுத்த கேள்விக்கு வந்துவிட்டாள். "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்களுக்கு இந்த மாதிரி?"

பக்கத்தில் அம்மா இருக்கிற இடம் செண்பகவல்லிக்கு வெறும் இடமாக இருந்தது, திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை, அந்த வெறும் இடத்திலிருந்துதான் குரல் வந்தது. "ஒரு பையன் இருந்தான்ம்மா. மூத்தவன்." என்றாள் அம்மா. "விளக்கு வைக்கிற நேரமானா தம்ளரத் தட்டிவிடுவான். வாசப்படியில இடிச்சுக்குவான். மாலைக்கண்ணுன்னு சொல்லி நான் கீரையா வாங்கிப் போட்டேன்." "இதுவாத்தான் இருந்திருக்கும்மா. ஒரே வீட்டுலகூட சில பேருக்குச் சீக்கிரமே வந்துரும். இப்ப எங்க இருக்காரு?" அம்மா அதை விட்டுவிட்டு, "அவனுக்குப் பக்கத்துல வாறது தெரியாதா?" என்று கேட்டாள். "தெரியாது. நேரா இருக்கிறது நல்லாத் தெரியும், அதனால வீட்டுல யாருக்கும் சந்தேகமே வராது." "சாயங்காலத்துல?" "இன்னும் மோசம்." அம்மா, ஸ்கூல் பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்: "லாரி மாதிரிப் பெருசா வந்தாலுமாம்மா?"

டாக்டருக்கு என்ன புரிந்ததோ, எழுந்து வந்து அம்மாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் குவித்துத் தன் கண்களில் குழாய் மாதிரி வைத்துக் காட்டினாள். "இவ்வளவுதாம்மா அவங்களுக்கு. இதுக்கு வெளிய எவ்வளவு பெருசு வந்தாலும் ஒண்ணுதான். அங்க ஒண்ணு இருக்குங்கிறதே தெரியாது." "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள் அம்மா. டாக்டர் இன்னொரு தடவை சொன்னாள். செண்பகவல்லி தலையைத் திருப்பினாள். மருந்தில் கலங்கிய கண்ணுக்கு அம்மாவின் முகம் ஒரு வெளிர் நிறமாகத்தான் வந்தது, மூக்கும் கண்ணும் பிடிபடவில்லை. அம்மாவின் கை மட்டும் துழாவிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டை, வளையல் அழுந்துகிறாற்போல, இறுக்கிப் பிடித்தது. கண் போகப்போகிறது என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவளுக்குள் எங்கோ ஆழத்தில், வெட்கமே இல்லாமல், ஒரு சந்தோஷம் புரண்டுகொண்டிருந்தது.

"ஏட்டி," என்றாள் அம்மா. "ஏட்டி செண்பகம். நாயகம் அப்ப வீட்டுக்குத்தாம்ட்டி வந்துக்கிட்டு இருந்திருக்கான்."